அடைப்புக்குறிக்குள்

எடைக் கொட்டகையின் தகரத்தடியில்
நேற்று மாலை பிடித்தது.
பச்சைத்தேயிலைச் சாக்குகளுக்கு மேலே
வட்டமும் ஆரமும் இல்லாத வலை.
வலை என்று சொல்லவே தயக்கம்,
யாரோ நூல்கண்டைக் கைதவற விட்டு
எடுக்காமல் போனதுபோல.

"ஒட்டடைக்கு எதுக்கு மேடம் பாட்டில்?"
என்றார் எடைக்காரர் ஹாலன்.

கோத்தகிரியில் மூன்றாம் நாள் மழை.
கரண்ட் போய்ப் போய் வருகிறது.
நுண்ணோக்கி விளக்குக்கு இன்வெர்ட்டர்,
எனக்கு ஸ்வெட்டர்.
கண்ணாடித் தட்டில், ஆல்கஹாலுக்குள்,
எட்டுக் காலையும் மடித்துக் கிடக்கிறது,
மிளகில் பாதிகூட இல்லை.

குடும்பம் தெரியும்.
பின்காலின் கடைசிக் கணுவில் சீப்புப் பல் வரிசை,
பசைநூலை வாரி இரைமேல் எறிய.
குடும்பத்தில் சிக்கல் இல்லை,
பேரினத்தில்தான்.

ஒரு காலத்தில்
உருண்டை வயிறும் ஒழுங்கற்ற வலையும் இருந்தால்
எல்லாவற்றையும் அந்த ஒரே பேரினத்தில் போட்டார்கள்.
எங்கோ பனி பெய்யும் ஊரின் வேலிச்செடியில் இருந்ததையும்
நம் குளியலறை ஜன்னலில் இருந்ததையும்.
வீட்டில் ஒரு டிராயர் இருக்குமே,
மெழுகுவர்த்தி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, தீர்ந்த பேட்டரி.
எங்கள் துறையில் அதற்குக் குப்பைக்கூடை என்றே பெயர்.

பிறகு வந்தவர்கள் கூடையைக் கவிழ்த்துப்
பிரிக்கத் தொடங்கினார்கள்.
நூற்பிகளுக்கு முன்னால் சின்ன மேடு
இருக்கிறதா?
மேடு இல்லாவிட்டால், அந்த இடத்தில்
இரண்டு மயிராவது?
உண்டென்றால் ஒரு பெயர்,
இல்லையென்றால் வேறு.
இதன் இனத்துக்கு மட்டும்
மூன்று முறை வீடு மாறியிருக்கிறது, காகிதத்தில்.
தகரத்தடியை விட்டு அது நகரவே இல்லை.

விதி ஒன்று உண்டு எங்களுக்கு.
ஓர் இனத்தை, பெயர் வைத்த பேரினத்திலிருந்து
வேறொன்றுக்கு மாற்றினால்
முதலில் பெயர் வைத்தவரின் பெயர்
அடைப்புக்குறிக்குள் போய்விடும்.
அழிக்க மாட்டார்கள்.
எப்போதாவது பழைய இடத்துக்கே திரும்பிவந்தால்
குறிகள் கழன்றுவிடும்.

அப்பாவுக்குக் கழலவில்லை.

அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் அவரை
இந்தியாக்காரன் என்று எழுதினார்கள்.
எழுதியதை நம்பிக் கப்பலேறி,
மண்டபம் முகாமில் வரிசையில் நின்று,
ஒரு தகரப்பெட்டியோடு இந்த மலையேறினால்
சிலோன்காரன்.
லைனில் மூன்று சங்கிலிமுத்து இருந்தார்கள்,
தபால்காரர் தன் வசதிக்குப் போட்டுக்கொண்டது:
சங்கிலிமுத்து (சிலோன்).
தபாலிலிருந்து ரேஷன் அட்டைக்கு ஏறியது,
அட்டையிலிருந்து பி.எப். பேரேட்டுக்கு,
பேரேட்டிலிருந்து இறப்புச் சான்றிதழுக்கு.
எடுக்கச்சொல்லி ஊட்டிக்கு மூன்று தடவை அலைந்தேன்.
"அதுவும் பேருல சேந்ததும்மா,
எடுத்தா வேற ஆளாயிடும்" என்றார் கிளார்க்.
கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி
டீகூட வாங்கித் தந்தார்.

இரவு பதினொன்றுக்குத் திரும்பவும் பார்த்தேன்.
விளக்கைச் சாய்த்து, ஊசியால் புரட்டி.
இடப்பக்கம் ஒரு மயிர்.
வலப்பக்கம் ஒன்றுமில்லை.
உதிர்ந்ததோ, என் ஊசிதான் தட்டிவிட்டதோ.

சீட்டைப் பென்சிலில்தான் எழுத வேண்டும்,
மை ஆல்கஹாலில் கரையும்.
இடம், உயரம், தேதி.
சேகரித்தவர்: ச. புவனமலர்.
அந்த ஒற்றை எழுத்துக்குமட்டும்
யாரும் குறி போடவில்லை.
பேரினத்துக்கு நேரே
கொஞ்சம் வெள்ளை விட்டு
சீட்டைப் பாட்டிலுக்குள் இறக்கினேன்.

காலையில் ஹாலன் போனில்:
"அதே மூலைல இன்னொண்ணு கட்டியிருக்கு மேடம்.
தொடப்பம் எடுக்கவா?"
வேண்டாம் வேண்டாம், ஆணா என்று பாருங்கள்,
முகத்துக்கு முன்னால் குத்துச்சண்டைக் கையுறை
மாட்டினதுபோல இருக்கும் என்றேன்.
கொஞ்ச நேரம் மழைச் சத்தம்.
"கையுறையா?" என்றார்,
"இருங்க, ஸ்டூல் போட்டு ஏறறேன்."